ஒன்றேகால் லிட்டர்

வெந்நீர் அறைக் கடிகாரம் ஆறு நாற்பத்திரண்டில் நின்றிருந்தது. பிளாஸ்டிக் உருகி ஒரு பக்கம் சரிந்து சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. முட்கள் மட்டும் தகரம். அவை நேரத்தை விடவில்லை.

"நல்ல சாட்சி மேடம். குறுக்கு விசாரணை பண்ணாலும் ஒரு நிமிஷம் முன்ன பின்ன சொல்லாது," என்றான் ஸ்பேனர்.

வக்கீலம்மா சிரிக்கவில்லை. கோர்ட்டுக்குப் போவதை அவள் நிறுத்திப் பத்து வருடம் ஆகிறது. இப்போது தொழில் துப்பறிவது. பழைய பெயர் ஒட்டிக்கொண்டது. லாக்கப்புக்குள் போகப் பழைய வக்கீல் அட்டையும் உதவியது. ஸ்பேனர் பட்டறையிலிருந்து வந்தவன். நகத்து கிரீஸும் வாயும் மட்டும் அவனை விட்டுப் போகவில்லை.

மூன்று நாள் முன்பு இந்த அறையில் வீட்டுக்கார அம்மாள் எரிந்து செத்தாள். அன்று மதியமே தோட்டக்காரர் போலீசில் ஒப்புக்கொண்டார். வாக்குமூலம் நாலு வரி. மழை என்று மெஷினை வெந்நீர் அறைக்குக் கொண்டுவந்தேன். அங்கேயே சிவப்பு கேனிலிருந்து பெட்ரோல் ஊற்றினேன். கேனைத் திரும்ப வைக்கப் போனேன். அதற்குள் தீ. கீழே கால் பெருவிரல் ரேகை; கைகள் வெந்திருந்தன.

போலீஸ் காவல் முடிந்து நாளைக் காலை பத்தரைக்கு அவரை மறுபடி கோர்ட்டில் நிறுத்துவார்கள். அறுபத்திரண்டு வயது. உள்ளே போனால் நடந்து திரும்புவாரா என்பது சந்தேகம். அவருடைய ஒரே மகள் நேற்று அலுவலகத்துக்கு வந்திருந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அழவில்லை. "எங்கப்பாவை வெளிய கொண்டுவாங்க மேடம். அவரு பெட்ரோல் பட்ட கையோட அடுப்பு இருக்கற பக்கம்கூட வரமாட்டாரு," என்றாள். அவளுக்குத் தெரிந்த ஒரே ஆதாரம் அதுதான்.

அறைக்கு ஒரு கதவு. அது சமையலறைக்குள் திறந்தது. அந்தக் கதவில் பல் டாக்டர் மூக்கில் கைக்குட்டையோடு சாய்ந்து நின்றார். செத்தவளின் கணவர்.

"சீக்கிரம் பாருங்க. அஞ்சு மணிக்கு வெள்ளை அடிக்கற ஆள் வரான்."

"மூணு நாள்தானே ஆச்சு டாக்டர்?"

"கரி தானா போகாதே."

ஸ்பேனர் தரையில் குந்தி உட்கார்ந்தான். தரையில் நிற்கிற பழைய வகை கேஸ் ஹீட்டர். அடிப்பக்கம், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், எப்போதும் எரிகிற சின்னச் சுடருக்கான ஓட்டை. அதிலிருந்து ஒரு முழம் தள்ளி ஒரு நீள இரும்புக் குழாய், ஒரு முனையில் வட்டக் கத்தி, மறுமுனையில் கருகிய கட்டியாக என்ஜின்.

"தோள் மெஷின்," என்றான். "வாரைத் தோள்ல மாட்டிகிட்டு புதர் வெட்டறது. புல்தரைக்குத் தள்ளு மெஷின் வேற. அது ஷெட்ல பத்திரமா நிக்குது."

வக்கீலம்மா டாக்டரிடம் திரும்பினாள். "தோட்டக்காரர் இந்த அறைக்கு அடிக்கடி வருவாரா?"

"அவனா? இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தான். பின்படியைத் தாண்டினது கிடையாது. தண்ணிகூட தோட்டத்துக் குழாய்லதான். நாங்க அப்படிப் பழக்கி வச்சிருந்தோம்."

"அன்னிக்கு?"

"அன்னிக்குத்தான் முதல் தடவை. சத்தம் கேட்டு ஓடி வந்தான். சேத்துச் செருப்போட. சமையலறைத் தரையைத் தேச்சு எடுக்க ரெண்டு நாள் ஆச்சு."

"உங்க வீட்டம்மாவை இழுத்து வெளிய போட்டதுல அவரு ரெண்டு உள்ளங்கையும் வெந்துபோச்சு," என்றான் ஸ்பேனர். "அதைத் தேச்சா போகுமா டாக்டர்?"

டாக்டர் அவனை முதல் தடவையாகப் பார்த்தார். "இவர் யாரு?"

"அசிஸ்டன்ட். மேடம் மரியாதைக்காகக் கேட்காம விடறதை நான் கேட்பேன்."

"போலாம்," என்றாள் வக்கீலம்மா. "தோட்டத்தைப் பார்க்கணும்."

தோட்டம் பெரியது. மூன்று நாளில் புல் விரல்கடை வளர்ந்திருந்தது. மழை மண் இன்னும் காயவில்லை. வீட்டிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரத்தில், கடைசி மரத்தடியில், தகரக் கூரை போட்ட இரும்பு வலைக் கூண்டு. பூட்டியிருந்தது. போலீஸ் கொடுத்த சாவியால் ஸ்பேனர் திறந்தான்.

"அவரு சாவிதானே இது?"

"ஆமா. பிடிச்சப்போ இடுப்புல இருந்துச்சாம். இதுக்கு இன்னொரு சாவி சமையலறை ஆணியில தொங்குது. சீட்டு கட்டியிருக்கு. டாக்டர் வீட்ல கரண்டிக்குக்கூட சீட்டு கட்டியிருப்பாங்க போல."

கூண்டுக்குள் இரண்டு கேன். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. சிவப்பில் வெள்ளைப் பெயின்டால் ஒரு வட்டம். பச்சையில் ஒரு சாய்ந்த கோடு. எழுத்து எதுவும் இல்லை.

"படிக்கத் தெரியாதவர் எழுதின போர்டு," என்றான் ஸ்பேனர். "வட்டம்னா சக்கரம். தள்ளு மெஷின். அதுக்கு வெறும் பெட்ரோல். சாய்ஞ்ச கோடு தோள் வாரு. தோள் மெஷினுக்கு ஆயில் கலந்த பெட்ரோல்தான் ஊத்தணும். வெறும் பெட்ரோல் ஊத்தினா பத்து நிமிஷத்துல என்ஜின் இறுகிப்போயிடும். பட்டறையில நாங்க அதுக்கு ஒப்பாரியே வைப்போம்."

வக்கீலம்மா வாக்குமூலத்தின் நகலை எடுத்தாள்.

"சிவப்பு கேன்."

"அதான் மேடம் அங்கயே எனக்கு இடிச்சுது. எரிஞ்சது தோள் மெஷின். இருபத்தாறு வருஷக்காரன் அதுக்குச் சிவப்பைத் தொட மாட்டான். இவரு ஊத்தல."

"ஊத்தாதவர் சிவப்புன்னு ஏன் சொல்றாரு? பச்சைன்னு சொல்லியிருந்தா யாரும் கேட்டிருக்க மாட்டாங்களே."

ஸ்பேனர் சிவப்பு கேனைத் திரும்பவும் பார்த்தான்.

"பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்," என்றாள். "மாத்த வேண்டியதை மட்டும் மாத்தியிருக்காரு. ஆளையும் இடத்தையும் மாத்தியிருக்காரு. கேனை மாத்தணும்னு தோணல. ஏன்னா கேன் நிஜம். யாரோ சிவப்புல இருந்து ஊத்தினாங்க. அது அவருக்குத் தெரியும்."

கூண்டுக்கு முன்னால் புல் செத்த இடம் ஒன்று, தட்டு அகலத்துக்கு. வருடக்கணக்காகச் சொட்டிய இடம். அங்கிருந்து பத்தடி தள்ளி மதில் சுவரில் புகைக்கரி. ஸ்பேனர் இரண்டுக்கும் நடுவே நடந்து அளந்தான்.

"இங்க தரையில வச்சு ஊத்துவாரு. துடைச்சு மூடிட்டு அங்க தூக்கிட்டுப் போய் ஸ்டார்ட் பண்ணுவாரு. ஊத்தின இடத்துல பத்த வைக்கற ஆளே இல்ல. என் மாமனார் கேஸ் அடுப்புல சிகரெட் பத்த வைக்கறவர். அவரை இங்க கூட்டிட்டு வந்து காட்டணும்."

கூண்டின் உள்பக்கம் ஒரு குச்சி தொங்கியது. மேல் முனையில் குறுக்குக் குச்சி கட்டி, இரண்டு விரல் கீழே கத்தியால் கீறியிருந்தது.

"இது என்ன?"

"டாங்க் வாயில குறுக்குக் குச்சியை வச்சா கீறல் உள்ள நிக்கும். அதுக்கு மேல ஊத்தாதேன்னு அர்த்தம். பெட்ரோல் சூட்டுக்கு உப்பும் மேடம். இடம் விடலைன்னா மூடி ஓரமா கசியும். கசிஞ்சா அந்த ஆவி மேல போகாது. தரையோட தரையா, தண்ணி மாதிரி ஊர்ந்து போகும். எங்க நெருப்பு இருக்கோ அங்க போய் நிக்கும்."

"ஒரு சாண் உயரத்துல சுடர் இருந்தா?"

"அதுக்காகவே காத்திருந்த மாதிரி."

வக்கீலம்மா கேன்களைப் பார்த்தாள். வெளிச்சம் ஊடுருவுகிற பிளாஸ்டிக். பக்கவாட்டில் லிட்டர் கணக்கு அச்சு. இரண்டிலும் ஒவ்வொரு சாக்பீஸ் கோடு. வேலை முடிந்து போகும்போது, டாங்கில் மிஞ்சியதைக் கேனில் ஊற்றிவிட்டு, எவ்வளவு மீதி என்று தோட்டக்காரர் போடுகிற கோடு. பழைய கோடுகளை ஈரத்துணியால் துடைத்த தடம் இருந்தது. பச்சையில் எண்ணெய் கலந்த பெட்ரோல் கோட்டிலேயே நின்றது. சிவப்பில் கோடு எட்டில். பெட்ரோல் ஆறே முக்காலில்.

"ஒண்ணேகால் குறையுது," என்றாள். "தோள் மெஷின் டாங்க் எவ்வளவு பிடிக்கும்?"

"வாய் வரைக்கும் ஊத்தினா ஒண்ணேகால். குச்சி அளவுக்கு ஊத்தினா ஒரு லிட்டர்."

"அவர் போனதுக்கப்புறம் யாரோ கூண்டைத் திறந்து, தப்பான கேன்ல இருந்து, வாய் வரைக்கும் ஊத்தியிருக்காங்க."

"அதைத் தூக்கிட்டுப் போய் ஹீட்டர் பக்கத்துல வச்சிருக்காங்க. தோட்டக்காரர் வச்சிருக்க முடியாது. அவரு முதல் தடவை உள்ள போனதே சத்தம் கேட்டுதான். டாக்டரே சாட்சி. செருப்புச் சேறு உட்பட." ஸ்பேனர் விரலை மடக்கினான். "ரெண்டு சாவி. ஒண்ணு தோட்டக்காரரோடது. ஒண்ணு சமையலறை ஆணி. வீட்ல இருந்தது புருஷன், பொண்டாட்டி. பொண்டாட்டி செத்தாச்சு. கணக்குல நான் வீக் மேடம், ஆனா மீதி ஒண்ணுதான் வருது."

"வா," என்றாள்.

முன்னறையில் பழைய பல் நாற்காலி ஒன்று இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் டாக்டர் அதை எடுக்கவில்லை. அதில் சாய்ந்து காலை நீட்டிப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

வக்கீலம்மா நின்றபடியே சொன்னாள். செருப்பு. கதவு. கேன். சாக்பீஸ் கோடு. சாவி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம். டாக்டர் பத்திரிகையை நாலாக மடித்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

"நல்லா இருக்கு," என்றார். "மெஷினை உள்ள வச்சது நான்தான்."

ஸ்பேனர் வக்கீலம்மாவைப் பார்த்தான்.

"ராத்திரி மழை வந்துது. புது மெஷின். மரத்தடியில கிடந்துது. எடுத்துட்டு வந்து சூடான இடமா பார்த்து வச்சேன். என் வீடு, என் மெஷின். அதுல என்ன?"

"பெட்ரோல் மெஷினை ஹீட்டர் கிட்ட வைக்கக்கூடாதுன்னு தோட்டக்காரர் உங்ககிட்ட சொன்னதில்லையா?"

"சொல்லியிருப்பான். எதையாவது சொல்லிகிட்டே இருப்பான். தோட்டக்காரன் சொல்றதையெல்லாம் ஞாபகம் வச்சுக்க முடியுமா?"

"அந்த மெஷினைக் காலியா வச்சுட்டுப் போறதுதான் அவர் வழக்கம். அன்னிக்கு நிறைச்சு வச்சிருந்தது. உங்ககிட்ட சாவி இருக்கு."

"இருக்கு." டாக்டர் சிரித்தார். பல் வரிசை சுத்தமாக இருந்தது. "நீங்க ஆளை விட்டுட்டீங்க. நான் ஊத்தல. ஆனா ஊத்தினதைப் பார்த்தேன். மாடி ஜன்னல்ல இருந்து. அஞ்சே கால் இருக்கும். வெள்ளைக் கோட்டைக் கையில மடிச்சுப் போட்டுகிட்டு வந்தா. அப்பன் சாவி கையில."

ஸ்பேனர் சட்டைப் பையிலிருந்த கூண்டுச் சாவியை எடுத்துப் பார்த்தான்.

"அவன் அன்னிக்கு இடுப்பைப் பிடிச்சுகிட்டு மூணு மணிக்கே போயிட்டான். பொண்ணு வந்து ஒத்தாசை பண்ணிட்டுப் போறா. என்ன பக்குவம் தெரியுமா? கேனைத் தரையில வச்சா. சொட்டு சிந்தாம ஊத்தினா. மூடியைச் சுத்தி முந்தானையால துடைச்சா. மெஷினைத் தள்ளி வச்சுட்டு ரெண்டு அடி பின்னால போய் நின்னு பார்த்தா. கோலம் போட்டுட்டுப் பார்ப்பாங்களே, அந்த மாதிரி."

"அப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, டாங்க் நிறைஞ்சிருக்குன்னு," என்றாள் வக்கீலம்மா.

"தெரியும். அதைத்தான் மூணு நாள் முன்னாடி மத்தியானம் ஸ்டேஷன்ல அவன்கிட்ட சொன்னேன். ஊத்தினது உன் பொண்ணு. இன்ஸ்பெக்டர் யாரு பேரை எழுதட்டும், நீயே சொல்லுன்னேன். ரெண்டு கதவு காட்டினேன். அவனே ஒண்ணைத் திறந்துகிட்டான். நான் தள்ளல."

"உங்க கதவைக் காட்டவே இல்லையே," என்றான் ஸ்பேனர்.

"எதுக்குக் காட்டணும்?" டாக்டர் நாற்காலியின் பக்கத்தில் இருந்த பொத்தானை அழுத்தினார். நாற்காலி மெதுவாக நிமிர்ந்தது. இப்போது அவர் முகம் அவர்கள் உயரத்துக்கு வந்தது. "போய்ச் சொல்லுங்க. டாக்டர்தான் மெஷினை உள்ள வச்சாருன்னு சொல்லுங்க. நான் ஒரே வரி சொல்லுவேன். மெஷின் யாரு கையால நிறைஞ்சுதுன்னு. என் பொண்டாட்டிதான் அந்தப் பொண்ணைப் படிக்க வச்சது. அவ சமையலறை ஜன்னல்ல நின்னு பாடம் ஒப்பிப்பா. என் பொண்டாட்டியைப் பெரியம்மான்னு கூப்பிடுவா. கேட்கட்டும். பெரியம்மா எப்படி செத்தாங்கன்னு அவளும் தெரிஞ்சுக்கட்டும்."

வக்கீலம்மா பையைத் தோளில் மாட்டினாள்.

"ஒண்ணு கேட்கலாமா டாக்டர்? அந்த மெஷினை ராத்திரி எத்தனை மணிக்கு உள்ள வச்சீங்க?"

"பத்து இருக்கும்."

"காலையில முதல்ல அந்த அறைக்கு யாரு போவாங்க?"

"அவதான். எப்பவும்."

அவர் பத்திரிகையைப் பிரித்தார். வாசலில் வெள்ளை அடிக்கிற ஆள் வாளியோடு நின்றிருந்தான். டாக்டர் உள்ளிருந்தே அவனிடம் சொன்னார், செருப்பைக் கழற்றிவிட்டு வரும்படி.

இரண்டாவது சிக்னலில் வண்டி நின்றதும் ஸ்பேனர் கேட்டான்.

"தெரிஞ்சு வச்சானா, தெரியாம வச்சானா மேடம்?"

"அதை நிரூபிக்க முடியாது. வச்சான்கறதை நிரூபிக்கலாம். சேத்துச் செருப்பும் ஒரே கதவும் போதும். தோட்டக்காரர் வெளிய வந்துருவாரு. டாக்டர் உள்ள போவாரு."

"பொண்ணு?"

"சட்டப்படி அவ மேல ஒண்ணும் நிக்காது. தோட்டத்துல, ஊத்த வேண்டிய இடத்துல ஊத்தினா. அதுக்கு எந்த ஊர்லயும் தண்டனை கிடையாது."

"சட்டப்படி," என்றான் ஸ்பேனர்.

லாக்கப்பில் தோட்டக்காரர் சுவரில் முதுகு படாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் மணிக்கட்டுவரை கட்டு. பக்கத்தில் சாப்பாட்டுப் பொட்டலம். பாதி தின்றது போலத் தெரிந்தது. கை இல்லாமல், வாயை வைத்துத் தின்றிருக்க வேண்டும். சட்டையில் பருக்கைகள்.

வக்கீலம்மா கம்பிக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள்.

"பச்சை கோட்டுலயே இருக்கு. சிவப்பு இறங்கியிருக்கு," என்றாள்.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"காலையில வந்ததும் பார்த்தேம்மா. கேனைப் பார்த்ததும் புரிஞ்சுது. முந்தின நாள் இடுப்பு பிடிச்சு வீட்ல படுத்திருந்தேன். நாளைக்குக் குனிஞ்சு ஊத்தணுமேன்னு சும்மா ஒரு பேச்சுக்குப் புலம்பினேன். வேலை முடிஞ்சு வந்தவ காதுல விழுந்துச்சு. சாவியை எடுத்துகிட்டுப் போயிட்டா. காலையில கேனைப் பார்த்ததும் கோவம்தான் வந்துச்சு. சிவப்பை ஊத்திட்டாளே, என்ஜின் போச்சேன்னு. மெஷினைக் காணோமேன்னு தோட்டம் பூரா தேடிகிட்டு இருந்தேன். அப்பதான் சத்தம்."

"உள்ள ஓடினீங்க."

"கதவுகிட்டயே விழுந்திருந்தாங்க. கதவைத் திறந்திருக்காங்க, அவ்வளவுதான். காத்து உள்ள போனதும் தரையோட கிடந்த ஆவி பிடிச்சுடுச்சு." அவர் கட்டுப்போட்ட கைகளைப் பார்த்தார். "என்னை அடையாளம் தெரிஞ்சுது அவங்களுக்கு. செருப்போட வந்துட்டியேன்னு சொன்னாங்க. அதுதான் கடைசி."

ஸ்பேனர் திரும்பி இன்ஸ்பெக்டர் மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நாளைக்கு வாக்குமூலத்தை மாத்திச் சொல்லுங்க," என்றாள் வக்கீலம்மா. "மெஷினை உள்ள வச்சது டாக்டர். எங்க ரெண்டு பேர் முன்னாடி ஒத்துகிட்டாரு. உங்க பொண்ணு சாட்சியா மட்டும் வந்தா போதும். அவளுக்கு ஒண்ணும் ஆகாது. நான் சொல்றேன்."

"வேண்டாம்மா."

"அஞ்சு வருஷம்வரைக்கும் உள்ள இருக்கணும். இந்தக் கையோட."

"இருந்துட்டுப் போறேன்."

"சட்டம் அவளை ஒண்ணும் பண்ணாது. புரியுதா?"

"சட்டம் விட்டுரும். அவ விடமாட்டா." குரலைத் தாழ்த்தினார். "ஏழு வயசுல ஒருநாள் கதவைச் சாத்தினா. நடுவுல பூனைக்குட்டி. தெரியாமத்தான். பதினெட்டு வருஷம் ஆச்சு. இன்னிக்கும் எந்தக் கதவைச் சாத்தினாலும் ஒருதரம் திறந்து கீழ பார்த்துட்டுத்தான் மறுபடி சாத்துவா. பூனைக்கே அப்படி. இது பெரியம்மா."

வக்கீலம்மா வாக்குமூலத்தின் நகலை மடித்துப் பையில் வைத்தாள்.

"அவளுக்கு எரிஞ்சது எந்த மெஷின்னுகூடத் தெரியாது," என்றார். "தள்ளு மெஷின்னு நினைச்சுகிட்டு இருக்கா. போலீஸ்ல புல் வெட்டற மெஷின்னுதான் சொன்னாங்க. நான் அப்படியே விட்டுட்டேன். அப்பன் கவனமில்லாம கொன்னுட்டான்னு நினைச்சுக்கட்டும். கோவப்பட்டுக்கட்டும். கோவம் ஆறிரும்." கட்டுப்போட்ட கையைக் கம்பிக்கு நடுவே நீட்டினார். கும்பிட வரவில்லை. இரண்டு துணி உருண்டைகள் ஒன்றோடொன்று மோதி நின்றன. "என் கேஸுல நீங்க ஜெயிக்க வேண்டாம்மா."

வக்கீலம்மா ஸ்பேனரிடம் திரும்பினாள். "வெளிய போய் அந்தப் பொண்ணுகூட உட்காரு. நான் வரவரைக்கும் வாயைத் திறக்காதே."

"பிறந்ததுல இருந்து எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க," என்றான். ஆனால் குரலில் வழக்கமான உப்பு இல்லை.

மகள் ஸ்டேஷன் வராந்தா பெஞ்சில் இருந்தாள். வெள்ளைக் கோட்டை மடித்து மடியில் வைத்திருந்தாள். ஸ்பேனர் அந்தக் கோட்டைப் பார்த்தான். பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தான். எதிர்ச் சுவரில் காணாமல் போனவர்களின் படங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தான். படங்கள் தீர்ந்துபோயின.

"அண்ணா, அப்பா சாப்பிட்டாரா?"

தலையை ஆட்டினான்.

"கை எப்படி இருக்கு? நிஜத்தைச் சொல்லுங்க. நான் தினம் ஊசி குத்தறவ. பயப்பட மாட்டேன்."

"கட்டு போட்டிருக்கு. ஆறிரும்."

"விரலை மடக்க முடியுதா?"

அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. பார்க்காமல் இருக்க ஏதாவது பேச வேண்டியிருந்தது. அவனுக்குத் தெரிந்தது ஒரே வகைப் பேச்சு.

"இடுப்பு வலிக்கு நல்ல ஓய்வு கிடைச்சிருக்குன்னு வச்சுக்கம்மா. இனிமே தோள் மெஷினைத் தூக்கச் சொல்லி யாரும் கூப்பிட மாட்டாங்க. கூப்பிட்டாலும் தூக்க மெஷின் இல்ல. அதுதான் கரிக்கட்டையாயிடுச்சே."

சொல்லி முடிக்கும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. வராந்தாக் கதவில் வக்கீலம்மா நின்றிருந்தாள். அவளும் கேட்டுவிட்டாள்.

"தோள் மெஷினா?" மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எரிஞ்சது தள்ளு மெஷின் இல்லையா?"

ஸ்பேனர் பெஞ்சிலிருந்து எழுந்தான்.

"அண்ணா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வாரு மாட்டித் தூக்கற மெஷின்தானே? நீளக் குழாய் இருக்குமே?"

அவன் வக்கீலம்மாவைப் பார்த்தான். மகளும் திரும்பிப் பார்த்தாள். எழுந்தாள். கோட்டு மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. எடுக்கவில்லை. மூன்று நாளில் முதல் தடவையாக அவள் முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது. வேகமாக வந்து வக்கீலம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

"அப்ப அப்பா சொல்றது பொய் மேடம். காலையில அவரு அதுல பெட்ரோல் ஊத்தியிருக்கவே முடியாது, இடமே கிடையாது. முந்தின நாள் சாயங்காலம் நானே என் கையால வாய் வரைக்கும் நிறைச்சு வச்சுட்டுதான் போனேன். இதை நாளைக்குக் கோர்ட்ல சொன்னா எங்கப்பாவை விட்டுருவாங்கல்ல?"